தலையணைக்கு அடியில் செல்போன்

ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டதும் நோயாளிகளைக் கேலி பேசுகிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, குடல் பரிசோதனைக்குப் போன சோணைமுத்து, செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். மறுநாள் திருநகர் வீட்டில் மனைவி தமயந்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

வெகுநேரம் வெறும் அமைதி. பிறகு தடித்த ஓர் ஆண்குரல்.

"ஏய், ஒனக்கு அறிவிருக்கா? ஒரு வேலையாவது உருப்படியாச் செய்யத் தெரியுதாடி?"

"சரிங்கண்ணே, மெதுவாப் பேசுங்க" என்றாள் நர்ஸ்.

சோணைமுத்து நிறுத்தினார். "பாத்தியா! யாரு இவன்? டாக்டர் குரல் இல்லையே. வார்டு ஆளா இருக்குமோ?"



மறுபடி போட்டார். ஆள் பிடிபடவில்லை. எங்கேயோ கேட்டது மாதிரியும் இருந்தது, கேட்காதது மாதிரியும் இருந்தது.

"பொம்பளப் பிள்ளைய இப்பிடியா பேசுறது? எம்புட்டுத் திமிரு! இன்னைக்கே ஆஸ்பத்திரி மேனேஜர்ட்ட புகார் குடுக்குறேன். அவன் வேலை போகணும்."

"மிச்சத்தையும் கேளுங்க" என்று தமயந்தி போனை வாங்கி ஓடவிட்டாள்.

"சோணைமுத்து அண்ணே, கத்திக்கிட்டே கையை ஆட்டாதீங்க. ஊசி கழண்டுரும்" என்றது நர்ஸின் குரல்.

அவர் போனையே வெறித்துப் பார்த்தார்.

"நானா? என் குரல் மாதிரியே இல்லையே... ஒனக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சா?"

"மொத வார்த்தையிலேயே."

"எப்பிடி?"

"இருபது வருசமா தெனமும் கேக்குற குரலுங்க."