இடப்பக்கம் பார்த்த கப்பல்

பைக்குள் விட்ட கை பாதியில் நின்றது.

எதிர் மேசையில் ஒரு கப்பல்.

உள்ளங்கை அகல எஃகுத் துண்டு. அதில் மூன்று பாய்மரங்களோடு செதுக்கிய கப்பல். முகப்பு இடப்பக்கம் பார்த்திருந்தது.

பைக்குள் அவன் விரல்கள் பற்றியிருந்தது ஓர் உருளை. அதுவும் எஃகுதான். அதிலும் கப்பல்தான். எப்போதோ மூடிப்போன ஒரு வங்கியின் ஐந்து ரூபாய்த் தாளில் ஓடிய கப்பல்.

அந்தக் காலத்தில் பணத்தாள் பிறந்த விதம் அப்படி. படத்தை எஃகில் பள்ளமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். அதுதான் அச்சு. அதன் மேல் உருளையை அழுத்தி உருட்டினால் பள்ளமெல்லாம் மேடாகி உருளையில் ஏறிக்கொள்ளும். உருளையிலிருந்து அச்சிடும் தகடுகளுக்குப் போகும்.

உருளை அவனிடம் இருந்தது. அச்சைத்தான் காணவில்லை.

எந்த ஊரில் பழைய பணத்தாள் கண்காட்சி போட்டாலும் உருளையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். பேருந்து வளைவில் திரும்பும்போதெல்லாம் அது பைக்குள் உருண்டுபோய்ச் சாப்பாட்டு டப்பாவில் இடிக்கும். அந்தச் சத்தம் அவனுக்குப் பேச்சுத்துணை மாதிரி.

“என்ன பொன்னுரங்கம், ஒன் உருளைக்கு இன்னும் ஜாதகம் பொருந்தலியா?”

சேகரிப்பாளர் சங்கத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை. உருளையை மட்டும் கேட்கவில்லை என்று அவனுக்கும் தெரியும். நாற்பத்தைந்து வயதில் தானே பொங்கித் தானே தின்கிறவனை வேறு எப்படிக் கேட்பார்கள். சிரித்துவைப்பான். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

அலுத்துவிட்டது. இன்று திருச்சியில் உருளையை விற்றுவிட்டு வெறும் பையோடு கும்பகோணம் திரும்புவது என்று முடிவு. வாங்கிக்கொள்வதாகச் சொன்ன பெங்களூர் வியாபாரி மண்டப வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்துக் கப்பல்.

மேசைக்குப் பின்னால் இருந்தவளைத் தெரியும். லூர்துமேரி, தூத்துக்குடி. போன வருடம் சங்கத்தில் சேர்ந்தவள். அன்று எழுந்து நின்று, பழைய இரும்புக் கடையில் ஓர் அச்சு கிடைத்தது, கப்பல், இடப்பக்கம் பார்த்திருக்கும் என்று சொன்னாள்.

இடப்பக்கம் என்றதும் அவனுக்கு ஆசை விட்டுப்போயிற்று. அவனுடைய கப்பல் தாளில் வலப்பக்கம் போவது. எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை.

இந்தக் கூட்டத்தில் எல்லோரும் தாளில் தெரிகிறபடிதான் சொல்வார்கள். அவள் எஃகில் தெரிகிறபடி சொல்லியிருக்கிறாள். எஃகில் இடம் என்றால் தாளில் வலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் சொல்வான்.

கேட்கத்தான் தோன்றவில்லை. ஒரு வருடம். மடையன்.

மேசை முன்னால் போய் நின்றான்.

“நீங்க இடப்பக்கம்னு சொன்னீங்க.”

“இடப்பக்கம்தான இருக்கு? கண்ணு பாத்தத சொன்னேன்.”

“தாள்ல எப்படி வருமோ, அப்படித்தான் சொல்றது வழக்கம்.”

“அத எனக்கு யாரு சொன்னா?”

நியாயம்தான். அவன் உருளையை எடுத்து மேசையில் வைத்தான்.

அவள் பார்த்தாள். பிறகு மெல்லிய துணியால் அச்சில் இருந்த எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தாள். அவன் உருளையைத் துடைத்தான்.

நடுப் பாய்மரத்தின் கயிறு ஒன்று, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மயிரிழை தாண்டியிருக்கும். செதுக்கியவரின் கை வழுக்கிய இடம். உருளையில் அது எங்கே என்று அவன் விரலுக்குத் தெரியும்.

அச்சில் அவள் விரல் அதே கயிற்றில் நின்றிருந்தது.

உருளையைக் கப்பலின் மேல் வைத்தான். அழுத்தவில்லை. மெல்லத் திருப்பினான். அது ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றது. கயிற்றில் கயிறு. பாயில் பாய். நடுவில் ஒரு தாள் நுழைய இடமில்லை.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சி மறைக்கப் பார்த்தான். அவள் பார்த்துவிட்டாள்.

“எனக்குத் தந்துருதீங்களா?” என்றாள்.

“மாட்டேன். நீங்க குடுக்கிறீங்களா?”

“மாட்டேன்.”

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

வாசலில் வியாபாரி கை காட்டினார்.

“போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் துணியில சுத்தி வைக்கேன்,” என்றாள்.

விற்பதாக இல்லை என்று சொல்ல இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. வியாபாரி முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வந்தபோது அவளே அவன் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடியிருந்தாள். தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடி ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம்.

“அடுத்த மாசம் மதுரையில கூட்டம். வருவீங்கல்லா?”

“வருவேன்.”

“கையோட கொண்டாந்துருங்க.”

“உருளை இல்லாம நான் எங்கயும் போனதே இல்லைங்க.”

அவள் வேறு எங்கோ பார்த்துச் சிரித்தாள்.

கும்பகோணம் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையைக் காலடியில் வைத்தான். கல்லணைச் சாலையில் ஓட்டுநர் முதல் வளைவை ஒடித்துத் திருப்பினார். டப்பா சரிந்தது. வேறு சத்தம் இல்லை.

அடுத்த வளைவு.

பைக்குள் எதுவும் உருளவில்லை.

குனிந்து பையைத் தொட்டுப் பார்த்தான். துணிக்கு அடியில் கனமாக, தட்டையாக ஒன்று படுத்திருந்தது.

ஜிப்பைத் திறக்கவில்லை. பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

தட்டையானதையும் உருண்டையானதையும் யாரும் கை தவறி மாற்றிவைத்துவிட மாட்டார்கள்.

இந்நேரம் தூத்துக்குடி ரயிலில், ஒரு பைக்குள், அது உருண்டுகொண்டிருக்கும்.