குட்டையோரப் பேச்சு

குடியேறிய நாட்டில் பதினோரு வருடம் விண்ணப்பித்த பிறகுதான், குலுக்கலில் குலசேகரனுக்குக் கிளைத்த கொம்புள்ள கவைக்கொம்பு மான் வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. வேட்டைக் காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே பைன் காட்டுக்குள் ஒரு குட்டையைக் கண்டுபிடித்து, எதிர்மரத்தில் தானியங்கி கேமரா ஒன்றைக் கட்டிவைத்தார். தினமும் மாலையில் போய்க் குளம்படி தேடினார். மான் கண்ணில் படவேயில்லை.

கேமராவில் விழுந்த படங்களைத் தான் பார்க்கும் முன்பே வெளியூரிலிருந்த மகளுக்கு அனுப்பினார். அவள் உடனே போன் செய்தாள்.

"எல்லாப் படத்துலயும் நீங்கதாம்ப்பா இருக்கீங்க. யார்கூடப் பேசிட்டிருக்கீங்க?"

"நானா? நான் பேசவேயில்லையே."

படங்களைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு படத்திலும் அவர் வாய் திறந்திருந்தது. கை எதையோ விளக்கிக்கொண்டிருந்தது.

"சரி, உங்களுக்குப் பின்னாடி பாருங்க," என்றாள் மகள்.

மரங்களுக்கிடையே ஓர் ஆண் மான், காதுகளை அவர் பக்கம் திருப்பியபடி நின்றிருந்தது. படத்துக்குப் படம் கிட்டே வந்திருந்தது.

வேட்டை தொடங்கிய அன்று துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு குட்டையோரம் உட்கார்ந்தார். "இன்னிக்கு ரசத்துல உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார், சத்தமாகவே. பின்னால் சருகு மிதிபட்டது. திரும்பிச் சுட வேண்டுமானால் பேச்சை நிறுத்தியாக வேண்டும்.

"கொத்தமல்லி வேற வாடிப்போயிருந்துச்சு," என்று தொடர்ந்தார்.