எழுபதாவது நிமிட முழங்கால்

ஆசியச் சிறுமியர் கால்பந்து இறுதியாட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில் ஜோவிட்டாவின் வலது முழங்கால் தசைநார் கிழியும் என்று தேசிய அணியின் கணிப்புக் கருவி மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. கருவி இதுவரை தவறியதே இல்லை. தவறியவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை என்று நிர்வாகம் தீர்மானம் போட்டிருந்தது.

அதனால் எல்லாம் தயார். மாற்று வீராங்கனை கோட்டருகே குதித்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் கையுறை மாட்டிவிட்டார். 'தியாக முழங்கால்' பட்டயத்தோடு கால்பந்துச் சங்கத் தலைவர் எழுந்து நின்றார்.

எழுபத்திரண்டாவது நிமிடத்தில் ஜோவிட்டா இரண்டு பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார் தலைவர், கவலையோடு.

"கருவி தப்பாது சார். பிள்ளைதான் லேட்டு. உள்ளே கொண்டுவரச் சொல்லுங்க, நான் சரி பண்ணிடறேன்" என்றார் மருத்துவர்.

தலைவருக்குப் பின்வரிசையிலிருந்த ஜோவிட்டாவின் அம்மா சகாயமேரிக்கு அது கேட்டது. நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு மைதானத்துக்குள் இறங்கினார்கள்.

"மக்களே, நிக்காத! ஓடு!" என்று அவள் மகளைப் பார்த்து அலறினாள்.

ஜோவிட்டா திரும்பிப் பார்த்தாள். பந்தை விட்டுவிட்டு ஓடினாள். ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓடியது.

ஆட்டம் முடியப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு மகளை எங்கே ஓடச் சொல்வது என்று சகாயமேரிக்குத் தெரியவில்லை.