ஒன்பதாவது உடம்பு

"வீரனுக்கு மரணம் இல்லை!" என்று முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் முழங்கினார்.

மைக் சரியாக அந்த இடத்தில் கம்மியது. பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது வீரனும் மரணமும் மட்டும்தான்.

மேடையில், சிவப்புத் துணி போர்த்திய படத்துக்குப் பக்கத்தில் மறைந்த பட்டாளத்தாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். சங்கக் கட்டிடத்துக்குள் நுழைந்ததிலிருந்து அவள் தலை நிமிரவில்லை. துணியை விலக்கும் கயிற்றை அவள் கையில் கொடுத்திருந்தார்கள்.

இழுத்தால் யாருடைய உடம்பு வெளியே வருமோ என்று அவள் கயிற்றை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

முகத்தைப் பற்றிக் கவலை இல்லை. முகம் அவருடையதுதான்.

பட்டாளத்தில் எடுத்த படம் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. கரையான் கழுத்துக்குக் கீழே ருசி பார்த்துவிட்டு, முகத்தை மட்டும் மரியாதையாக விட்டுவைத்திருந்தது. ஆனால் சங்கச் சுவரில் தொங்க உடுப்பு கட்டாயம். மூத்த மகள் அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"கவலையே படாதீங்கம்மா. அப்பா காலத்துப் பெட்டியில ஒரு நெகட்டிவ் இருக்கு. முகம் கீறிப்போச்சு, மத்தபடி யாரோ பெரிய ஆபீசர்" என்றார் ஸ்டுடியோக்காரர். "நல்ல உடம்பு. இதுவரைக்கும் எட்டுப் பேருக்குப் பொருந்தியிருக்கு. மெடல் எத்தனை வேணும்னு மட்டும் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எவனோ ஒருத்தன் உடம்புல அவர் தலைய ஒட்டுவீங்க, அதுக்கு நான் கயிறு இழுக்கணுமாடி? காலத்துக்கும் அவரு அந்த ஆளோடயே கெடக்கணுமா?"

"சும்மா இரும்மா. அங்க எல்லாரும் அப்படித்தான் தொங்கறாங்க."

தலைவர் இப்போது போர்க்களத்துக்கு வந்திருந்தார். குண்டுமழையில் நெஞ்சு நிமிர்த்தி நின்றவர் என்றார். பட்டாளத்தார் அங்கே ஓட்டியது தண்ணீர் லாரி. அவர் நனைந்ததெல்லாம் டாங்க் ஒழுகியதில்தான்.

தாய்நாட்டுக்காக உறக்கம் துறந்தவர் என்றார். அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் உறக்கம் துறந்தது யார் என்பதை அவள் சபையில் சொல்லவில்லை.

தலைவர் சொல்லாமல் விட்டதுதான் நிறைய. ஊரில் இருந்த நாளெல்லாம் மூன்று பெண்களுக்கும் அவர்தான் சடை பின்னினார். வகிடு எல்லைக்கோடு மாதிரி இருக்கும். பிறகு விசில் அடிப்பார். மூன்றும் உயர வாரியாக வாசலில் நிற்கும். நகம் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம். கல்யாணமாகிப் போனவள் பிறந்த வீட்டுக்கு வந்தாலும், விசில் கேட்டால் கையை நீட்டிவிடுவாள். எண்பத்தேழு வயதில், ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு ஷூ பளபளவென்று இருந்தது. மற்றதை அவள்தான் முடித்தாள்.

"இப்போது, மாவீரரின் துணைவியார்..."

அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

கைதட்டல் கேட்டது. மெல்லத் திறந்து முதலில் முகத்தைப் பார்த்தாள். அவர்தான், இளவயதில், மீசை முறுக்கோடு. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பார்வையைக் கழுத்துக்குக் கீழே இறக்கினாள்.

இடது தோளில் ஒரு தங்க நூல் குஞ்சம், நுனி முதுகுப் பக்கம் திரும்பி, கோணலாகத் தைத்திருந்தது.

அவள் தைத்தது.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"இதோ, ஒரு வீர மனைவியின் கண்ணீர்!" என்றார் தலைவர். மைக் இந்த முறை நன்றாக வேலை செய்தது.

மூத்த மகள் ஓடிவந்து குனிந்தாள். "என்னம்மா, ரொம்ப மோசமா இருக்கா?"

"இல்லடி. உங்க அப்பாவேதான். முழுசா."

"நான்தான் சொன்னேன்ல, பாக்கப் பாக்கப் பழகிடும்னு."

அவள் அந்தக் குஞ்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குட்டி பிறந்த வருஷம், வீடு பாதிச்சுவரில் நிற்க, பட்டாளத்தார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெருநகரத்துக்குக் கிளம்பினார். அவரைப் பட்டாளம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது என்று ஊரே முடிவு செய்தது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து ஷூ லேசை இறுக்கினார். பெண்களுக்கும் அதே கதைதான். உண்மை அவளுக்கு மட்டும் தெரியும்.

ஒரு லீவில், புது வேலையின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க, உடுப்பைப் பையில் சுருட்டிக்கொண்டு அவளோடு இதே உள்ளூர் ஸ்டுடியோவுக்கு வந்தார். திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது குஞ்சம் பிய்ந்து விழுந்தது. "சீக்கிரம், சீக்கிரம், யாராவது வந்துருவாங்க" என்று அவர் அவசரப்படுத்த, நின்ற நிலையிலேயே அவர் தோளில் வைத்துத் தைத்தாள். அதுதான் கோணல்.

அவள் இப்போதுதான் சுவரைப் பார்த்தாள். எட்டு வீரர்கள், எட்டு மீசைகள், எட்டுத் தோளிலும் கோணல் குஞ்சம்.

இத்தனை வருஷமும் தரைப்படைக்காரர்கள் அதைக் கப்பற்படையின் அணிவகுப்பு உடுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பற்படைக்காரர்கள் விமானப்படையினுடையது என்று நினைத்தார்கள். கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தலைவர் ஒன்பது படங்களுக்கும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். சபையே எழுந்து நின்று கூடவே அடித்தது.

அது ஒரு ஹோட்டலில், வருகிறவர்களுக்கு வாசல் கதவைத் திறந்துவிடும் ஆளுக்குக் கொடுக்கிற உடுப்பு.