வால்வு ஆறட்டும்

"இடது காதுல சத்தமே வரலீங்க" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள் அவள்.

மெக்கானிக் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, கருவிப் பையோடு உள்ளே வந்தார். ஜன்னலோர மேசையில் இரண்டு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று வெள்ளி நிற டிரான்சிஸ்டர் பெட்டி. மற்றது கறுப்பு, அதன் தலையில், பழைய ரேடியோவில் இருப்பதுபோல, இரண்டு கண்ணாடி வால்வுகள் நின்றன.

"போன மாசமும் இதே கம்ப்ளெயின்ட்தானே மேடம்?"

"ஆமாங்க. என்ன கோளாறோ, போங்க."

கோளாறு என்னவென்று அவளுக்குத் தெரியும். காலையில், கண்ணாடி சில்லென்று இருக்கும்போதே இடது வால்வை மெல்ல ஆட்டி, ஒரு நெல்லளவு மேலே தூக்கிவிட்டிருந்தாள். அந்தக் கையோடு மெக்கானிக்கின் செல்லுக்குப் போன் செய்தாள். அவர் வந்து மணியடிக்கும்வரை சுவிட்சைப் போடவுமில்லை, அதன் பக்கமே போகவுமில்லை.

முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட். டாக்டர்கள் பதிவுசெய்து அனுப்பும் குரலை ஹெட்போனில் கேட்டு, ரிப்போர்ட் அடிக்கிற வேலை. நாள் முழுக்கக் காதுக்குள் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். ஓய்வுபெற்ற மறுநாளே உலகம் கப்சிப் ஆகிவிட்டது.

கைக்கு வந்த பணத்தில் இவை இரண்டையும் வாங்கினாள். கடை கொடுத்த ஐந்து வருட இலவச சர்வீஸோடு. "காதுல மாட்டணும்னா ஒரு ஜோடி தோடு வாங்கியிருக்கலாமேக்கா" என்று தங்கை போனில் சிரித்தாள்.

வெள்ளிப் பெட்டி ஒருமுறைகூடக் கெட்டதில்லை. அதனாலேயே அவளுக்கு அதன்மேல் ஒட்டுதல் இல்லை. வால்வு அப்படியல்ல, கழற்றிப் பார்ப்பதற்கு முன் சூடு ஆறவேண்டும். முழுசாக இருபது நிமிடம். அதுவரை மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிப்பார், பேசுவார்.

இன்றும் அவர் வால்வருகே விரலைக் கொண்டுபோய், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கொதிக்குது மேடம். ஆறட்டும்."

அவள் ஓட்டமும் நடையுமாகக் காபி போடப் போனாள்.

"மழை பெய்யற அன்னிக்கு எதுல கேப்பீங்க?" டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார் அவர்.

"வால்வுலதான். ரூம்ல யாரோ கூட இருக்கற மாதிரி இருக்கும்."

"டிரான்சிஸ்டர்ல?"

"அது ரொம்பத் துல்லியம். யாருமே இல்லைங்கறதும் தெளிவாக் கேக்கும்."

அவர் சிரிக்கவில்லை. காபியை ஊதி ஊதிக் குடித்தார். மெதுவாக எழுந்து, துணியால் பிடித்து இடது வால்வைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, அழுத்திப் பொருத்தி, சுவிட்சைப் போட்டார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இரண்டு காதிலும் வயலின் பொழிந்தது.

"இப்ப சரியாயிடுச்சா மேடம்?"

அவருடைய பேன்ட் முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். இரண்டு பஸ் மாறி வருகிற மனுஷன். அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க. இதுல கோளாறே கிடையாது. ஒவ்வொரு தடவையும் நான்தான் அதை லூஸ் பண்ணி வைக்கறேன்."

மெக்கானிக் பையின் ஜிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

"வீட்ல பேச ஆளில்லீங்க. அதுக்காக உங்களை இப்படி அலையவிட்டிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான். இனிமே கூப்பிட மாட்டேன்." ஹெட்போன் வயரைச் சுற்றினாள். "உங்க கடையில ஏதாவது கேட்டா, நடந்ததைச் சொல்லிடுங்க. எனக்காக நீங்க திட்டு வாங்க வேணாம்."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"கடையை மூடி ஒரு வருஷமாச்சு மேடம்."