வெடிக்கு அசையாத வம்சம்

மைதானத்தின் நடுவில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபதடி பின்னால் முதலாளியின் மச்சான் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுக்கொண்டிருந்தார்.

சத்தத்துக்குத் துள்ளினால் அது வேட்டைநாயே இல்லை. போட்டி நடத்தும் சங்கத்தின் சட்டம் அப்படி.

முதலாளி ஒலிபெருக்கியில் வம்சப் பெருமை பேசினார். மூன்று ராஜாக்கள், நூறு காட்டுப்பன்றி. போன வருஷம் ராஜா ஒருத்தர்தான். பன்றியும் குறைச்சல்.

நாய் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. மகள் கல்யாணத்துக்கு ஊரையே சலித்து மாப்பிள்ளை தேடியவர், நாய்க்கு ஜோடி தேட மட்டும் கூண்டை விட்டு வெளியே போகவில்லை. அக்காவுக்குத் தம்பி, மகளுக்கு அப்பன். ரத்தம் கலந்துவிடக் கூடாதாம்.

கூண்டு கழுவுகிறவள் நான். எனக்கென்ன தெரியும்?

போன வருஷம் இதே இடத்தில் இதன் தம்பி நின்றது. வெடித்ததும் துள்ளி என் கால்களுக்கு நடுவே புகுந்தது. கோழைப் பிறவி என்று மறுநாளே வேனில் ஏற்றினார்கள். வேன் காலியாகத் திரும்பியது. சங்கிலியை என்னிடம் கழுவக் கொடுத்தார்கள்.

அதே வேன் இன்றும் வாசலில் நின்றது. சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

டமார்!

காக்கைகள் எழும்பின. நடுவரின் தோள் குலுங்கியது. முதலாளி பேச்சுக் காகிதத்தைக் கீழே போட்டார்.

நாய் கொட்டாவி விட்டது.

"பாத்தியா மச்சான், ராஜ ரத்தம்! ஏம்மா, இதோட நாலு குட்டியையும் நல்லா வளத்து வை. வெடி வச்சுப் பாப்போம். துள்ளுறது வேன்ல போவட்டும்."

கோப்பை வாங்க நாயைப் பெயர் சொல்லி அழைத்தார். மூன்று தடவை. அது திரும்பவே இல்லை. என்ன திமிர் என்று கூட்டம் பூரித்துப்போனது.

நான் தரையை ஓங்கி மிதித்தேன். அதிர்வு பட்டதும் திரும்பியது. மூன்று வருஷமாகச் சோற்றுக்கு அதை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

கூண்டுக் கதவு கிரீச்சிட்டால் தலைதூக்குவது நாலு குட்டியில் ஒன்றுதான்.

அது செத்துப்போச்சு என்று மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். மூணு போதும் என்றார்.

இப்போது என் வீட்டில் இருக்கிறது. பெயர் சொன்னால் ஓடி வருகிறது.