பிடி விடாத மெனிபோல்ட்

பொய்யால் விடுதலை பெற்ற டிப்பர் அது. மணல் ஏற்றி வந்த வேகத்தில் ஜெகதீஸ்வரியை அடித்துக் கொன்றது. யானை அடித்தது என்று டிப்பர் முதலாளி குலவீரசிங்கம் பொலிசுக்கு எழுதிக் கொடுத்தார், ஊரும் தலையசைத்தது.

அந்த டிப்பரின் எஞ்சினோடு புகைக்குழாயைப் பிணைக்கும் மெனிபோல்டின் பன்னிரண்டு போல்டுகளும் முறிந்தன. முறிந்த போல்டை எஞ்சினுக்குக் காயமின்றி எடுக்கத் தெரிந்தவன் ஒட்டுசுட்டானில் ஒருவனே: இறந்தவளின் தம்பி கிருசாந்தன். முதலாளி வெட்கமின்றி அவனிடமே டிப்பரைக் கொண்டுவந்தார்.

கிருசாந்தன் எஞ்சினைக் கிளப்பும் பற்றறியைக் கழற்றி மேசையில் வைத்தான். முறிந்த ஒவ்வொரு தண்டின் மேலும் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு ஆறுமுன் மெழுகு தேய்த்துத் திருகினான். பன்னிரண்டும் வெளியே வந்தன. மெனிபோல்ட் விரலளவு விலகியது, அதற்குமேல் அசையவில்லை.

“தள்ளு. செத்துப்போன கொக்காவை நினைச்சு அழுதுகொண்டு நிக்கிறியோ?” என்று குலவீரசிங்கம் இடைவெளிக்குள் விரல்களை விட்டு இழுத்தார். இடைவெளி மூடிக்கொண்டது.

“ஐயோ, கழட்டடா!”

“அதில ஒரு போல்டும் இல்லை, முதலாளி. எதைக் கழட்டச் சொல்லுறியள்?”

கிருசாந்தன் இரும்புக் கம்பியான அலவாங்கைக் கொடுத்து நெம்பினான், அலவாங்குதான் வளைந்தது. சந்தியில் நின்ற சனம் ஓடிவந்தது.

“யானையில்லை! என்ர டிப்பர்தான் அடிச்சது! நான்தான் மாத்திச் சொன்னனான்!”

எல்லோரும் கேட்டார்கள். தலையசைத்த ஊர் தலைகுனிந்தது. ஆனால் பிடி தளரவில்லை.

மேசையில் பற்றறி இருக்க, எஞ்சின் இயங்கத் தொடங்கியது. அவருடைய விரல்களின் மேல் மெனிபோல்ட் சூடேறி மெல்லச் சிவந்தது.